இடது சுட்டுவிரல்

பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இருபத்தைந்து கிராம்.
விலை என் அரைமாதச் சம்பளத்துக்குப் பக்கம்.
அலமாரிக்குப் பூட்டு, பூட்டுக்குப் பதிவேடு,
சாவி முனிரத்தினம் சாரின் இடுப்பில்.

திறந்தால் கல்லுப்பு மாதிரி கிடக்கும்
வெள்ளி நைட்ரேட்.
கொலுசின் மினுக்கம் ஒரு குந்துமணி அளவும் இல்லை.
தண்ணீரில் போட்டால் போன இடம் தெரியாது.

தருமபுரி, நீர்ப் பரிசோதனைக்கூடம், இரண்டாம் மாடி.
மேற்குச் சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியது நான்.
வெயிலைக் கண்டால் இது கறுத்துவிடும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்
குளிர்பான பாட்டிலில் வரும்,
மூடியில் இன்னும் ஆரஞ்சு வாசம்.
குடுவையில் ஊற்றி, இரண்டு சொட்டு குரோமேட் விட்டால்
எலுமிச்சை மஞ்சள்.
வலதுகை குடுவையைச் சுழற்ற
இடதுகை ப்யூரெட்டின் திருகில்.
சொட்டு.
உப்பு இருக்கும்வரை வெள்ளி அதைத்தான் பிடிக்கும்,
திரிந்த பால்போலப் பிசிறுபிசிறாய் வெண்மை.
சொட்டு.
சிவப்பு ஒன்று எட்டிப் பார்க்கும், சுழற்றினால் ஓடிவிடும்.
சொட்டு, சொட்டு.
இனிப் பிடிக்க உப்பில்லை என்றானதும்
செங்கல் நிறம் வந்து நிற்கும்.
போகவில்லையா? திருகை மூடு. எழுது.

கிருஷ்ணகிரியில் கல்லூரி படித்தபோது
இதே கரைசல் அம்மோனியாவும் குளுக்கோசும் சேர்ந்து
சோதனைக்குழாயின் உள்சுவரில் கண்ணாடியாய்ப் படிந்தது.
நெற்றி நீண்டு, மூக்கு ஒடுங்கி
உள்ளிருந்து நான் பார்த்தேன்.
பிறகொரு நாள் என் முழங்கை மருவைச் சுட்ட
டாக்டரின் குச்சி நுனியிலும் இதுதான்.

திருகில் கசிவது விரலில் பட்டால் தெரியாது.
தண்ணீரென்று புடவையில் துடைத்துக்கொள்வேன்.
மாலைப் பேருந்தில், பாலக்கோட்டுச் சாலையில்,
கம்பியைப் பிடித்த கையில் வெயில் விழ
மெல்ல எழும்பும் கறை.
சோப்புக்குப் போகாது, புளிக்குப் போகாது.
தோல் உரிந்தால்தான் போகும்.

தேர்தலன்று பள்ளிக்கூட வரிசையில்
முக்கால் மணிநேரம் நின்று உள்ளே போனேன்.
"மாதேஸ்வரி, வரிசை எண் அறுநூற்று நாலு" என்று ஒருவர் படிக்க
அடுத்தவர் என் கையைப் பார்த்து நிமிர்ந்தார்.
"ஏம்மா, போட்டாச்சே?"

முகவர் சென்றாயன் எழுந்தே விட்டார்,
கள்ள ஓட்டைப் பிடிக்கக் காலையிலிருந்து காத்திருந்தவர்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
எனக்கு வியர்த்தது.
வியர்வையிலும் அதே உப்பு என்று
அந்த நேரத்திலும் தோன்றியது, என்ன புத்தியோ.

"சார், உங்க மையிலயும் இதுதான் இருக்கு.
எனக்கு இது வேலையில ஒட்டினது.
நகத்தைப் பாருங்க, மேல கோடு இல்ல. நுனியில மட்டும்தான்."

அவர் என் விரலைத் திருப்பிப் பார்த்தார்.
பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார்:
காலையிலிருந்து நானூறு பேருக்கு மை வைத்து
அதுவும் கறுத்திருந்தது.
பட்டியலில் என் பெயருக்கு நேரே கோடில்லை.
"நடுவிரலை நீட்டும்மா" என்றார்.

மறுநாள் முத்தன்கொட்டாயிலிருந்து
முடிவு கேட்டு வந்தவள் பேரும் எனக்குத் தெரியாது.
பத்து மில்லியை ஐம்பதாக்கி அளந்திருந்தேன்.
இருபத்துமூன்று புள்ளி நான்கு. ஐம்பதால் பெருக்கினால்
ஆயிரத்து நூற்றெழுபது.
ஆயிரத்தைத் தாண்டினால் எழுதவேண்டியதை எழுதினேன்.

என் இரண்டு விரலையும் பார்த்தாள்.
"ரெண்டு ஓட்டா போட்ட?"
"ஒண்ணுதான்."
"நாங்க மொத்தக் கொட்டாயும் போட்டோம்,
தண்ணி தர்றேன்னாங்க."

தாளை நாலாய் மடித்துக்கொண்டு கேட்டாள்:
"நாங்க குடிக்கல, சரி. ஆட்டுக்குக் காட்டலாமா?"

படிவத்தைப் புரட்டினேன்.
நிறம், மணம், கலங்கல், குளோரைடு, புளோரைடு.
ஆட்டுக்குக் கட்டம் இல்லை.
முனிரத்தினம் சாரைக் கேட்கிறேன் என்றேன்.
அவர் சாப்பிடப் போயிருந்தார்.
அவள் காத்திருந்தாள்.